பெர்லினுக்குப் போனதும் பெட்டியில் இருப்பதும்

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர், வக்கீலான எனக்கு ஒன்பது பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சொந்த ஊர் சேரன்மகாதேவி வட்டாரத்தில், கன்னடியன் கால்வாய் பாயும் ஒரு கிராமம். அடையாளங்களை நீக்கி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

2020 ஜூனில் அந்த நகரத்தில் அடிமை வியாபாரி கோல்ஸ்டனின் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளினார்கள் அல்லவா, அந்தக் கூட்டத்தில் மகளோடு நின்றவர் இவர். அன்று முதல் அலுவலகத்தில் கோஹினூர் வைரத்தைப் பற்றி வெள்ளைக்காரச் சகாக்களோடு வாதம். 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் ஆதிச்சநல்லூரில் தோண்டிப் பெர்லினுக்குக் கொண்டுபோன பொருள்களைத் திருப்பித் தரவேண்டும் என்ற மனுவிலும் கையெழுத்திட்டிருக்கிறார். சென்ற வருடம் அப்பா இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம் தாத்தாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்ததில் இரண்டு காகிதங்கள் கிடைத்தன.

ஒன்று, 1934-ஆம் வருடத்து ஒப்படைப் பட்டா, அதாவது சர்க்கார் நிலத்தை ஒருவருக்கு ஒதுக்கிக் கொடுத்த காகிதம். ஒரு ஏக்கர் 92 செண்டு புஞ்சைத் தரிசு, 'சு.' என்பவர் பெயரில், மேலே 'டி.சி.' என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது, அதே சர்வே எண்ணை 1951-ல் 'சு.' இவருடைய தாத்தாவுக்குக் கிரயம் செய்து கொடுத்த பத்திரம். ரொக்கம் கிடையாது, நெல் கடனுக்கு நேர் செய்துகொண்டதாக வாசகம். தாத்தா அப்போது அந்தக் கிராமத்தின் கர்ணம், அதாவது ஊர்க் கணக்கப்பிள்ளை. நிலம் இன்று அம்பாசமுத்திரம் ரோட்டோரம் இருக்கிறது. பிளாட் போட ஆள் வந்துவிட்டது. சித்தப்பா பவர் பத்திரத்தின் நகலை அனுப்பி, கையெழுத்துப் போட்டு அனுப்பு என்கிறார்.

சித்தப்பாவின் வாதம்: அது வெள்ளைக்காரன் காலத்துக் காகிதம், பத்து வருடத் தடை அன்றைக்கே முடிந்துவிட்டது, எழுபது வருட அனுபவம் நமக்கு, நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது கொடுத்த யு.டி.ஆர். பட்டாவும் நம் பெயரில். அம்மா சொல்வது: "பசிச்சவனுக்கு நெல்லு குடுத்துத்தான தாத்தா வாங்குனாக." வாசகி கேட்பது: "தாத்தாவின் அண்ணன் 1942-ல் ஜெயிலுக்குப் போனவர். நாங்கள் தியாகி குடும்பம். வெள்ளையர் ஆட்சியின் பாவத்தில் எங்களுக்கு எப்படிப் பங்கு வரும்? ஆனாலும் தூக்கம் வரவில்லை. அப்பாவின் சாவுக்கு 'சு.'வின் பேரன் வந்திருந்தார். தெருவில் நின்று பேப்பர் கப்பில் காப்பி குடித்தார். உள்ளே எல்லாருக்கும் எவர்சில்வர் டம்ளர். அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கலாமா? என் பங்கை அவருக்கு எழுதித் தரலாமா? அல்லது அப்பா பெயரில் அவர்கள் பிள்ளைகளுக்கு உதவித்தொகை வைக்கலாமா?"

அன்புள்ள சகோதரி,

முதலில் வேலையைச் சொல்லிவிடுகிறேன். பவர் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சித்தப்பாவுக்கு நல்லபடியாகவே எழுதுங்கள்: "மூலப்பத்திரத்தை வக்கீலிடம் காட்டியிருக்கிறேன், பதில் வரட்டும்." அவர் கோபப்படுவார். வாங்கப்போகிறவரும் ஒரு வக்கீலை வைத்துத்தான் மூலப்பத்திரம் பார்ப்பார் என்பதை ஞாபகப்படுத்துங்கள். கோபம் கொஞ்சம் இறங்கும்.

பத்து வருடக் கணக்கு

'டி.சி.' என்பது தாழ்த்தப்பட்ட வகுப்பார் என்பதற்கான அன்றைய சர்க்கார் சுருக்கெழுத்து. மக்கள் பேச்சில் பஞ்சமி நிலம். செங்கல்பட்டுக் கலெக்டர் பொறுப்பில் இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் ஓர் அறிக்கை அனுப்பினார். தரிசு நிலத்தைக் கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் மனுப் போட்டால், மிராசுதார்கள் தங்கள் முன்னுரிமையைக் காட்டித் தட்டிவிடுகிறார்கள் என்பது அதன் சாரம். அடுத்த வருடம், 1892-ல், ஆணை வந்தது. அது செங்கல்பட்டோடு நிற்கவில்லை; பின்னால் லேபர் கமிஷனர் பொறுப்பில் மற்ற ஜில்லாக்களிலும் இப்படி நிலம் ஒப்படைத்தார்கள். "அதெல்லாம் வடக்கே, நம்ம பக்கம் கிடையாது" என்று திருநெல்வேலியில் படித்தவர்களே சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உங்கள் பெட்டியில் இருக்கும் காகிதமே அதற்குப் பதில்.

இந்த ஒப்படைகளின் வழக்கமான நிபந்தனைக்கு இரண்டு கால் உண்டு. முதல் பத்து வருடம் யாருக்கும் விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது. பத்து வருடத்துக்குப் பிறகு விற்கலாம், ஆனால் அதே தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு மட்டும். மீறினால் சர்க்கார் நிலத்தை எடுத்துக்கொள்ளலாம், நஷ்டஈடு கிடையாது. சித்தப்பா முதல் காலை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறார். 1934-க்கும் 1951-க்கும் நடுவே பதினேழு வருடம் ஓடியது உண்மைதான். ஆனால் வாங்கியவர் யார் என்பதுதானே இங்கே கேள்வி?

எழுபது வருட அனுபவம் என்ற வாதமும் கேட்கிற அளவுக்குப் பலமானதில்லை. அடுத்தவர் நிலத்தை நெடுநாள் அனுபவித்ததை வைத்தே பாத்தியம் கொண்டாட, தனியாருக்கு எதிராகப் பன்னிரண்டு வருடம் என்றால், அரசுக்கு எதிராக முப்பது வருடம் வேண்டும். எழுபது அதைத் தாண்டுகிறதுதான். ஆனால் கிரயப் பத்திரம் வழியாக உள்ளே வந்தவர், அந்தப் பத்திரத்தையே கையில் வைத்துக்கொண்டு எதிரிடை அனுபவ பாத்தியம் பேசுவது சுலபமில்லை. இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கமுடியும். கர்நாடகம் 1978-ல் இப்படிப்பட்ட நிலங்களை மீட்பதற்கென்றே சட்டம் கொண்டுவந்தது. மஞ்சேகவுடா வழக்கில் 1984-ல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. தமிழ்நாட்டில் அதுபோல் தனிச்சட்டம் இல்லை. இங்கே சர்க்கார் நிலத்தை ஒப்படைப்பதற்கான விதிகள் அடங்கிய வருவாய் நிலையாணை 15, ஒப்படையின் நிபந்தனை இவற்றை வைத்துத்தான் போராட வேண்டியிருக்கிறது. அதனால்தான் இழுக்கிறது. 1994 அக்டோபரில் செங்கல்பட்டில் பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போனவர்கள் மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் இறந்தார்கள். காகிதத்தில் இருக்கும் உரிமைக்கும் கைக்கு வரும் உரிமைக்கும் நடுவே உள்ள தூரம் அது.

யு.டி.ஆர். பட்டாவைப் பற்றி ஒரே வரி: பட்டா புதிய பாத்தியத்தை உண்டாக்காது, 1980-களில் அலுவலர் கண்ட அனுபவத்தை எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

யார் கை எழுதியது

இனி உங்களைத் தூங்கவிடாத விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தில் ஒன்றைக் கவனித்தேன். 'சு.'வின் சாதியை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் சாதியை ஓரிடத்திலும் எழுதவில்லை. வேண்டுமென்று செய்திருக்கமாட்டீர்கள். அதைச் சொல்லவேண்டிய அவசியம் உங்களுக்கு வாழ்க்கையில் வந்ததில்லை என்று நினைக்கிறேன். பிரிஸ்டலில் உங்கள் சகாக்கள் தங்களை வெள்ளைக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டா அறிமுகம் ஆனார்கள்?

'வெள்ளையர் செய்த பாவம்' என்கிறீர்கள். வெள்ளைக்காரக் கலெக்டரை உங்கள் கிராமம் ஜமாபந்தி சமயத்தில் பார்த்திருந்தால் பெரிய விஷயம். மற்ற நாளெல்லாம் சர்க்கார் என்பது உங்கள் வீட்டுத் திண்ணை. கிஸ்து என்ற நிலவரி கட்டுவதும், தரிசு கேட்டு மனு எழுதுவதும், அடங்கல் என்ற சாகுபடிக் கணக்கில் பெயர் ஏறுவதும் இறங்குவதும் அந்தத் திண்ணையில்தான். பட்டாதாரரிடம் சர்க்காரே நேராக வரி வாங்கிய ரயத்துவாரி முறையில் ஆற்றுப்பாசன ஊர்களின் மேல்சாதி மிராசுகள் பட்டாதாரர்கள் ஆனார்கள். உழுத கை கணக்கில் ஏறவில்லை. 1843-ல் கம்பெனி சர்க்கார் சட்டம் போட்டு, அடிமைப் பாத்தியத்தை இனிக் கோர்ட்டு ஏற்காது என்றது. நிலம் தரவில்லை. நேற்றுவரை அடிமையாக இருந்தவர் பண்ணையாள் ஆனார், வரப்பு நகரவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, பஞ்சமும் மிஷனரிகளின் நெருக்குதலும் சேர்ந்து தள்ள, அதே சர்க்கார் கொஞ்சம் தரிசைக் கொடுத்தது. எனவே, வெள்ளைக்காரனால் கெட்டது என்று ஒரு தட்டிலும், வெள்ளைக்காரனால் நல்லது என்று இன்னொரு தட்டிலும் போட்டு நிறுப்பதில் எனக்கு ஆர்வமில்லை. அவன் கொடுத்த இரண்டு ஏக்கருக்கும் குறைவான அந்தப் புஞ்சையை, அவன் போன நாலாவது வருடம் எடுத்துக்கொண்டது நாம்.

1951 பத்திரத்தின் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வலது ஓரத்தில் ஒரு கீறல், பக்கத்தில் '… தற்குறி' என்று எழுதியிருக்கிறது. எழுத்தறியாதவர் கையெழுத்துக்குப் பதிலாக இடும் குறி அது. இன்று ஆளைத் திட்டுவதற்கு வைத்திருக்கிறோம். அந்தச் சொல்லை எழுதிய கை உங்கள் தாத்தாவின் தம்பியுடையது, பத்திரம் எழுதியவர் அவர்தான். சாட்சிகள் இருவரும் உங்கள் தெரு. கடன் கொடுத்தவர், கடனைக் கணக்கெழுதியவர், பட்டா மாற்றத்துக்குப் பரிந்துரைத்த கர்ணம், மூவரும் ஒருவரே. அம்மா சொல்வது பொய்யில்லை. அது ரேஷன் காலம். உணவுக் கட்டுப்பாடு 1952-ல் ராஜாஜி முதல்வரான பிறகுதான் எடுக்கப்பட்டது. மழை பொய்த்த அந்த வருடங்களில் நெல் என்பது உயிர். பசித்தவருக்கு நெல் கொடுத்தது உண்மை. பசித்தவரிடமிருந்து நிலம் வாங்கியதும் அதே உண்மைதான். அம்மாவோடு இதைச் சண்டையாக்காதீர்கள். அவர் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது பத்திரத்தில் மை காய்ந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

தியாகி குடும்பம் என்பது பெருமைதான். ஆனால் உங்கள் வட்டாரத்துக் கதை ஒன்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம் தேசபக்தி ஊட்டுவதற்கென்றே வைத்தது. அங்கே பிராமணப் பிள்ளைகள் சிலருக்குத் தனிச் சாப்பாடு. 1924-25-ல் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேள்வி எழுப்ப, தமிழ்நாட்டுக் காங்கிரஸே ஆடிப்போனது. லண்டனிலும் பாரிசிலும் ஏகாதிபத்தியத்தை எதிர்த்தவர் ஐயர். தாமிரபரணிக் கரையில் ஒரு சாப்பாட்டுப் பந்தியைச் சேர்த்துவைக்க அவராலும் முடியவில்லை. ஜெயிலுக்குப் போன பெரிய தாத்தாவும் கர்ணம் பார்த்த தாத்தாவும் ஒரே வீட்டில் ஒரே பானைச் சோறு சாப்பிட்டவர்கள் என்பதில் எனக்கு வியப்பில்லை.

"என் படிப்பும் வேலையும் நானே சம்பாதித்தது, நிலத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை" என்று நாலாம் பக்கத்தில் எழுதுகிறீர்கள். ஏழாம் பக்கத்தில், 1974-ல் அப்பாவின் காலேஜ் ஃபீஸுக்கு அந்த ரோட்டோரப் புஞ்சையை அடமானம் வைத்ததாக ஆச்சி சொன்னதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பக்கத்தையும் அருகருகே வைத்துப் படியுங்கள். நீங்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்லவில்லை, நன்றாகவே உழைத்திருக்கிறீர்கள்.

நானும் கரையில் நின்று பேசவில்லை. ஜூனியராக இருந்த காலத்தில் இப்படிப்பட்ட நிலங்களுக்கு இரண்டு மூன்று கிரயப் பத்திரம் எழுதியிருக்கிறேன். கிராமத்தின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டின் குறிப்புக் கலத்தைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருந்ததற்கும் சேர்த்துத்தான் ஃபீஸ் வாங்கினேன் என்பது பல வருடம் கழித்துப் புரிந்தது.

காலில் விழுவதைப் பற்றி

வேண்டாம். நீங்கள் விழுந்து எழுந்ததும் உங்கள் மனம் லேசாகும், விமானம் ஏறிவிடுவீர்கள். அவர் அந்தத் தெருவில்தான் இருக்கவேண்டும். "கணக்கப்பிள்ளை வீட்டுப் பிள்ளையைக் காலில் விழவைத்தான்" என்ற பேச்சு டீக்கடைக்குப் போக அரைமணி நேரம் போதும். நம் ஜில்லாவில் அதற்குப் பிறகு என்னென்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஊரறிய எதுவும் செய்யாதீர்கள், வாட்ஸ்அப் குழுவில் எழுதாதீர்கள்.

உதவித்தொகையும் வேண்டாம், குறைந்தபட்சம் இப்போது வேண்டாம். அவர்களுடைய நிலத்தை வைத்துக்கொண்டு, அதன் வருமானத்தில் ஒரு துளியை உங்கள் அப்பா பெயர்ப்பலகையோடு கொடுத்தால் அதற்கு என்ன பெயர்? ஆதிச்சநல்லூர்ப் பொருள்களைக் கேட்டதற்கு, பெர்லின் அருங்காட்சியகம் தன் பெயரில் நம் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் அனுப்பினால் மனுவை வாபஸ் வாங்குவீர்களா?

பேப்பர் கப் மட்டும் உங்கள் வீட்டுக்குள்ளேயே, யார் கையெழுத்தும் இல்லாமல் மாற்றக்கூடியது. வருட திவசத்துக்கு ஊருக்கு வரும்போது டம்ளர்களை நீங்களே எடுத்து வையுங்கள்.

செய்ய வேண்டியவை

உங்கள் பங்கு எவ்வளவு என்று முதலில் பார்ப்போம். தாத்தாவுக்கு அப்பா, சித்தப்பா என இரண்டே வாரிசு, உயில் இல்லை. அப்பாவின் பாதியில் அம்மா, தம்பி, நீங்கள் என மூவர். ஆக, ஆறில் ஒரு பங்கு. பாத்தியமே சந்தேகத்தில் இருக்கும் நிலத்தில் ஆறில் ஒரு பங்கு. அதை மட்டும் தனியாக எழுதிக் கொடுத்தால் அந்தப் பேரனைச் சித்தப்பாவோடு கூட்டுப் பங்காளியாக்கி, ஒரு பாகவழக்கைப் பரிசாகக் கொடுத்தது போலாகும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

முதலில் காகிதம் சேருங்கள். அ-பதிவேடு, பழைய செட்டில்மெண்ட் பதிவேடு, ஒப்படைப் பதிவேடு இவற்றின் சான்றிட்ட நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். கலெக்டர் அலுவலகப் பதிவறையில் பழையவை இருக்கும். வில்லங்கச் சான்றும் போடுங்கள். இதற்கிடையில் சித்தப்பா தன் பாதியை விற்க முனைந்தால், சார்பதிவாளருக்கும் வாங்குபவருக்கும் ஆட்சேபணைக் கடிதம் ஒன்று போதும். புத்தியுள்ள எவரும் அதன் பிறகு பணம் போடமாட்டார்.

அடுத்து, அந்தப் பேரனிடம் சொல்லவேண்டும். மன்னிப்பாக வேண்டாம், தகவலாகப் போதும்: இப்படி ஒரு காகிதம் எங்களிடம் இருக்கிறது, இதோ நகல், உங்களுக்கென்று ஒரு வக்கீலை வைத்துக்கொள்ளுங்கள். அந்த வக்கீல் நானாக இருக்கக்கூடாது. உங்களுக்கு ஆலோசனை சொன்னவன் அவருக்கும் சொல்வது முறையில்லை. ஃபீஸ் கட்ட வழியில்லாவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் கிடைப்பார். என்ன வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். நிலம் வேண்டும் என்றும் சொல்லலாம், பிரச்சினையே வேண்டாம் என்றும் சொல்லலாம். அவருடன் பிறந்தவர்களும் வாரிசுகள்தான், மறக்காதீர்கள்.

அவர் நிலம் கேட்டால் வழி இரண்டு. ஒன்று, உங்கள் குடும்பம் முழுவதும் சேர்ந்து அவர்களுக்கே பதிவுப் பத்திரம் எழுதுவது; நிபந்தனையின் இரண்டாவது காலுக்கு அது பொருந்தும். வெளியாருக்கு எழுதுவதால் குடும்பத்துக்குள் கிடைக்கும் முத்திரைத் தீர்வைச் சலுகை கிடைக்காது. சர்வே எண் அரசின் தடைப்பட்டியலில் இருந்தால் சார்பதிவாளர் மறுக்கவும் கூடும். இன்னொன்று, வாரிசுகள் கலெக்டரிடம் மனுக் கொடுக்க, உங்கள் குடும்பம் ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுப்பது. இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. பழைய ஒப்படையை ரத்து செய்து நிலத்தைக் கையகப்படுத்திய பிறகு, அதை இதே குடும்பத்துக்குத்தான் தரவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆகவே உணர்ச்சிவசப்பட்டு நீங்கள் தனியாகக் கலெக்டருக்கு மெயில் அனுப்பிவிடாதீர்கள். நல்ல எண்ணத்தில் நிலத்தை இருவருக்கும் இல்லாமல் செய்துவிடுவீர்கள்.

கடிதத்தின் ஓரத்தில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: அந்தப் பேரனின் குடும்பம் இப்போது வேதக்கோயிலுக்குப் போகிறது என்று. சட்டப்படி அது சின்ன விஷயமில்லை. 1950-ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் சாதிச் சான்று கிடைக்காது. தாத்தாவுக்குக் கிடைத்த நிலத்தைப் பேரன் கேட்கும்போது 'நீ தகுதியானவனா' என்ற கேள்வியை யாராவது கிளப்புவார்கள். அவருடைய வக்கீல் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

சித்தப்பாவிடம் கடைசியாக ஒன்று சொல்லிவையுங்கள். தாத்தா 1951-ல் செய்ததற்கு இன்று யாரும் சிறைக்குப் போகப்போவதில்லை. ஆனால் விஷயம் தெரிந்த பிறகு, கேட்டு வரும் வாரிசை மிரட்டுவதும் விரட்டுவதும் வேறு கதை. பட்டியல் சாதியினருக்கு ஒப்படைத்த நிலத்தை முறைகேடாக அனுபவிப்பதையே 1989-ஆம் வருட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. 2015 திருத்தம் அதை இன்னும் விரித்திருக்கிறது. ஆள் வைத்துப் பேசுகிறேன் என்று கிளம்பாமல் இருந்தால் அவருக்கு நல்லது.

ஒரு வேலை பாக்கி. 1934-ஆம் வருடத்துப் பட்டாவின் முன்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். நான் மேலே சொன்னதெல்லாம் இப்படிப்பட்ட ஒப்படைகளின் வழக்கமான நிபந்தனைகளை வைத்து. உங்கள் காகிதத்தின் நிபந்தனைகள் பின்பக்கத்தில் அச்சடித்திருக்க வாய்ப்பு அதிகம். முன்பக்கத்தின் கீழே 'பின்புறம் பார்க்க' என்று சிறிய எழுத்தில் இருப்பது போட்டோவிலேயே தெரிகிறது. மடிப்பில் கிழியாமல், மெதுவாகத் திருப்பி, அந்தப் பக்கத்தையும் எடுத்து அனுப்புங்கள்.